நாடோடி எழுத்தாளர் பனாயித் இஸ்திராத்தி

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் ஒரு மொழி, அலுவலகத்தில் மற்றொரு மொழி என்று நம் பொழுது கழிகின்றது. நம் குழந்தைகளோ பள்ளியில் பயிலும் மொழியிலேயே விளையாடவும் சண்டையிடவும் கற்றுக்கொண்டுவிட்டனர். உள்ளத்தில் உள்ளதை எந்த மொழியில் சொல்வது என்னும் கேள்வி, பிறந்த மண்ணிலேயே வாழ்வோர்க்கு எழுவதில்லை. நமக்கோ அது நாள்தோறும் எழும் கேள்வி. இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்து திரிந்த ஐரோப்பிய எழுத்தாளர் ஒருவரை இம்மாத இதழில் நம் அன்பர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகின்றோம்.

அவர் ருமேனிய நாட்டில் பிறந்தவர். பெயர் பனாயித் இஸ்திராத்தி. தொடக்கப் பள்ளிக்கு அப்பால் அவர் படித்ததில்லை. உணவு விடுதியில் எடுபிடி வேலையும், துறைமுகத்தில் கூலி வேலையும், வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலையும் செய்து வயிறு வளர்த்தவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே பிரெஞ்சு மொழியை முயன்று கற்றார். நாற்பதை நெருங்குங்கால் அம்மொழியில் நூல் எழுதி ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றார். அவ்வாறு எழுதியவற்றுள் சிலவற்றைத் தாமே மீண்டும் தம் தாய்மொழியில் பெயர்த்து, தம் மக்களின் கையில் சேர்ப்பித்தார். கற்பனைக் கதை போன்று தோன்றும் இவ்வரலாறு முழுதும் உண்மையில் நிகழ்ந்தது.

துறைமுகத்தின் பிள்ளை

டான்யூப் ஆறு கருங்கடலைச் சென்று சேர்வதற்கு முன், அதன் கரையில் அமைந்துள்ள துறைமுக நகரம் பிரைலா. ருமேனியச் சமவெளியில் விளைந்த கோதுமையும் மக்காச்சோளமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றன. தானியம் சென்ற வழியே மக்களும் வந்தனர். ருமேனியர், கிரேக்கர், துருக்கியர், யூதர், ஆர்மீனியர், ரஷ்யர் எனப் பல இனத்தவரும் அந்நகரில் கலந்து வாழ்ந்தனர். தெருவுக்கு ஒரு மொழி கேட்கும் அவ்வூரில், 1884ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இஸ்திராத்தி பிறந்தார்.

அன்னையின் பெயர் ஜொயிட்சா. பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்த ஏழைப் பெண் அவள். தந்தை கெபலோனியாத் தீவினைச் சேர்ந்த கிரேக்கர். புகையிலையைக் கள்ளத்தனமாகக் கடத்துவது அவர் தொழில். இருவரும் முறைப்படி மணம் புரிந்தவர்கள் அல்லர். குழந்தைக்கு ஓராண்டு நிறையும் முன்னரே தந்தை காலமானார். ஆதலின் தாயின் குடும்பப் பெயரே மகனுக்கு வாய்த்தது. பிரைலாவுக்கு அருகிலுள்ள பால்டொவினெஷ்டி என்னும் சிற்றூரில், தாய்மாமன்மாரின் நிழலில் அவரது குழந்தைப் பருவம் கழிந்தது. அம்மாமன்மாருள் ஒருவரான அங்கெல் என்பவரே பிற்காலத்தில் அவருடைய நூலொன்றுக்குத் தலைவராகவும் தலைப்பாகவும் ஆனார்.

பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு முடிந்தது. மகன் ஒரு தொழிலைக் கற்று, ஒரே ஊரில் நிலைத்து, மணம் முடித்து வாழவேண்டும் என்பது தாயின் ஆசை. உலகெங்கும் ஏழைத் தாய்மார் கொள்ளும் ஆசை அதுவே அன்றோ! மகனோ பன்னிரண்டு வயது அளவில் கிரேக்கர் ஒருவரின் மதுக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். விடியுமுன் எழுந்து நள்ளிரவு வரை உழைக்கவேண்டிய வேலை அது.

அக்கடைக்கு மாவ்ரோமாத்தி என்னும் முதிய கப்பல் தலைவர் ஒருவர் வருவதுண்டு. செல்வம் அனைத்தையும் இழந்து, பிறரது ஏளனத்துக்கு ஆளாகி, ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தவர் அவர். சிறுவனின் அறிவுப் பசியைக் கண்டு அவனுக்கு ஓர் அகராதியைப் பரிசாக அளித்தார். ருமேனிய மொழிக்கு லசார் ஷயினேயானு என்னும் அறிஞர் தொகுத்த அகராதி அது. முதலாளி பாராத வேளையில் சிறுவன் அதனைத் திறந்து சொல் சொல்லாகப் படித்தான். கடையில் பட்ட துயரங்களையெல்லாம் அந்நூல் மறக்கச் செய்தது என்பதை இஸ்திராத்தி பின்னாளில் தாம் எழுதிய கதை ஒன்றில் நன்றியோடு குறித்துள்ளார். அகராதி என்பது ஐயம் வந்தால் புரட்டிவிட்டு மீண்டும் அலமாரியில் வைக்கும் பொருள் என்று எண்ணுகின்றோம். ஒரு சிறுவனுக்கு அதுவே பள்ளியாகவும் ஆசிரியராகவும் இருந்தது.

ஊர் ஊராக

1900ஆம் ஆண்டு அளவில் மிகயில் கசான்ஸ்கி என்னும் ரஷ்ய இளைஞரின் நட்பு அவருக்குக் கிட்டியது. கந்தல் உடுத்தியிருந்தும் கையில் புத்தகத்தோடு அமர்ந்திருந்த அவ்விளைஞரைக் கண்ட கணமே இஸ்திராத்தியின் உள்ளம் அவர்பால் சென்றது. இருவரும் சேர்ந்து படித்தனர். சேர்ந்து பட்டினி கிடந்தனர். சேர்ந்து நாடுகளைச் சுற்றினர். மிகயில் 1909ஆம் ஆண்டில் காச நோயால் மறைந்தார். நட்பைக் காதலினும் உயர்ந்ததாகப் போற்றும் 'மிகயில்' என்னும் நூல் அவர் நினைவாக எழுந்தது.

இஸ்திராத்தியின் கால் படாத கீழைத்துறைமுகங்கள் சிலவே. இஸ்தான்புல், அலெக்சாந்திரியா, கெய்ரோ, பெய்ரூத், டமாஸ்கஸ், நேப்பிள்ஸ் என்று அலைந்தார். கையில் காசு இருக்கும்போது சீட்டு வாங்கிக் கப்பலேறுவார்; இல்லாதபோது சீட்டு இன்றியே ஏறி ஒளிந்துகொள்வார். பிடிபட்டால் அடுத்த துறையில் இறக்கி விடப்படுவார். சென்ற ஊரில் கிடைத்த வேலையைச் செய்தார். பெரும்பாலும் சுவருக்கு வண்ணம் பூசும் வேலையே அவருக்குச் சோறு போட்டது. கீழை நாடுகளின் வெயிலையும் வெளிச்சத்தையும் அவர் பெரிதும் விரும்பினார். ஆயினும் சில மாதங்களில் தாயின் நினைவு வந்துவிடும், பிரைலாவுக்குத் திரும்புவார். வந்த சில மாதங்களில் மீண்டும் கால்கள் பரபரக்கும். தாயை அழவிட்டுப் புறப்படுவார். இப்போராட்டத்தை அவர் தம் நூல்களில் மறைக்காமல் எழுதினார். தாயின் கண்ணீருக்குத் தாமே பொறுப்பு என்னும் குற்ற உணர்வு அவரது எழுத்தின் அடியில் ஓடுகின்றது.

இவ்வாறு அலைந்தபோதும் பிறர் துன்பத்தை அவர் பாராமல் சென்றதில்லை. புக்காரெஸ்டு நகரிலிருந்து வெளிவந்த தொழிலாளர் இதழான 'ருமேனியா முன்சித்தோவாரே'யில் 1907 முதல் எழுதினார். 1910இல் பிரைலாத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றி, வேலைநிறுத்தத்தில் முன்னின்றார்.

சுவரில் தொங்கிய சொற்கள்

1916ஆம் ஆண்டில், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அவர் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். நண்பரைக் கொண்ட காச நோய் அவரையும் பற்றியிருந்தது. அந்நாட்டில் பிரெஞ்சு மொழி பேசும் பகுதியில் தங்கிய அவர், அம்மொழியைக் கற்க உறுதி கொண்டார். ஆசிரியர் எவரும் இல்லை. பிரெஞ்சு இலக்கிய நூல்களை ஒரு கையிலும் அகராதியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, அறியாத சொற்களைத் தாளில் எழுதி, அறையின் சுவரில் மாட்டி, அவற்றைப் பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்தார். மதுக்கடைச் சிறுவன் கற்ற முறையையே முப்பது வயதைக் கடந்த நோயாளியும் கையாண்டார்.

1919ஆம் ஆண்டில் லொசான் நகருக்கு அருகிலிருந்த காச நோய் மருத்துவ இல்லத்தில் அவர் தங்கியிருந்தார். அங்கே ஜெஹூதா என்னும் யூத எழுத்தாளர் அவருக்கு ரோமெய்ன் ரோலந்தின் நூல்களை அறிமுகம் செய்தார். 1915ஆம் ஆண்டின் இலக்கிய நோபெல் பரிசைப் பெற்ற ரோலந்து நம் நாட்டினர்க்கு அயலார் அல்லர். மகாத்மா காந்தியடிகளைப் பற்றியும், இராமகிருஷ்ண பரமஹம்சரைப் பற்றியும், விவேகானந்தரைப் பற்றியும் நூல்கள் எழுதி, அவர்களது பெருமையை ஐரோப்பியர்க்கு உணர்த்திய பேரறிஞர் அவர். அவருடைய நூல்கள் இஸ்திராத்திக்குப் புது வாழ்வு அளித்தன. தம் உள்ளம் முழுவதையும் திறந்து ரோலந்துக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அக்கடிதம் உரியவரை அடையாமல் திரும்பி வந்தது.

அதே ஆண்டில் தாய் இறந்த செய்தியும் வந்தது. அருகில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. தொலைவில் வாழ்வோர்க்கு வரக்கூடிய துயரங்களுள் இதனினும் பெரியது இல்லை என்பதை நாம் விளக்கவேண்டுவதில்லை.

நோயும் வறுமையும் தனிமையும் வாட்ட, பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகருக்குச் சென்றார். அங்கே கடற்கரைச் சாலையில் உலாவ வருவோரைப் படம் பிடித்துக் கொடுக்கும் வேலை செய்தும் வாழ முடியவில்லை. 1921ஆம் ஆண்டு சனவரித் திங்களின் தொடக்கத்தில், அந்நகரின் பூங்கா ஒன்றில், தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்டார். மக்கள் கண்டு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றமையால் உயிர் பிழைத்தார். அவரிடம் அஞ்சலில் சேர்க்கப்படாத கடிதம் ஒன்று இருந்தது. அதுவும் ரோலந்துக்கு எழுதியதே. இம்முறை பத்திரிகையாளர் ஒருவர் வழியாக அது ரோலந்தின் கைக்குச் சென்றது.

ஒரு மறுமொழி செய்த மாற்றம்

உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்க்கு நாள்தோறும் எத்தனையோ கடிதங்கள் வரும். பெயர் தெரியாத அயல்நாட்டுக் கூலியாள் ஒருவன் பிழை மலிந்த பிரெஞ்சில் எழுதிய கடிதத்தை அவர் ஒதுக்கியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். ரோலந்து ஒதுக்கவில்லை. பிழைகளுக்கிடையே பெரும் ஆற்றல் ஒன்று கனன்றுகொண்டிருப்பதைக் கண்டார், மறுமொழி எழுதினார். வெறும் இரக்கத்தோடு அவர் நின்றுவிடவும் இல்லை. துயரத்தைக் கடிதங்களில் கொட்டித் தீர்ப்பதைக் காட்டிலும் நூல் எழுதுவதே கடமை என்று அறிவுறுத்தினார். இரக்கத்தினும் அரியது இத்தகைய நம்பிக்கை. 1922ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் வில்நேவ் என்னும் ஊரில் வாழ்ந்த ரோலந்தை இஸ்திராத்தி நேரிலும் கண்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1931 டிசம்பரில், காந்தியடிகள் விருந்தினராகத் தங்கியதும் அவ்வூரிலேதான்.

எழுதுவதற்கு இடம் வேண்டுமே! பாரிசில் காலணிக் கடை வைத்திருந்த ஜார்ஜ் யொனெஸ்கு என்னும் ருமேனியர், தம் கடையின் கீழ்த்தளத்தில் இஸ்திராத்திக்கு இடம் கொடுத்தார், சோறும் கொடுத்தார். ஊரை விட்டு வந்த ஒருவர், ஊரை விட்டு வந்த மற்றொருவரைத் தாங்கினார். இலக்கிய வரலாறுகள் ரோலந்தின் பெயரை எடுத்தோதும் அளவுக்கு இக்காலணிக் கடைக்காரரின் பெயரை எடுத்தோதுவதில்லை. இருவருள் ஒருவர் இல்லையேல் அந்நூல் இல்லை என்பதே எம் கருத்து.

அந்நூல் 'கிரா கிராலினா'. 1923 ஆகஸ்டில், 'யூரோப்' என்னும் பிரெஞ்சு மாத இதழில், ரோலந்தின் முன்னுரையுடன் வெளிவந்தது, 1924இல் நூலாயிற்று. பால்கன் நாடுகளுக்கு ஒரு கார்க்கி தோன்றிவிட்டார் என்று ரோலந்து அதில் வரவேற்றார். காந்தியடிகளைப் பற்றி ரோலந்து எழுதிய புகழ் பெற்ற கட்டுரைத் தொடரும் அதே இதழில், அதே 1923ஆம் ஆண்டில் வெளிவந்தது என்பது நாம் மகிழ்ந்து நோக்கத்தக்க ஒற்றுமை.

அவர் சொன்ன கதைகள்

'கிரா கிராலினா' ஒரு சர்பத் வியாபாரியின் கதை. ஸ்தாவ்ரோ என்னும் அம்மனிதன், உடன் பயணம் செய்யும் இளைஞனுக்குத் தன் வாழ்வைக் கூறுகின்றான். அழகும் களிப்பும் நிறைந்த தாய், உயிரினும் இனிய தமக்கை கிரா, கொடிய தந்தை. இவர்களிடையே வளர்ந்த சிறுவன், தமக்கை கவர்ந்து செல்லப்பட்டபின் அவளைத் தேடித் துருக்கிய ஆட்சிப் பரப்பெங்கும் அலைகின்றான், ஏமாற்றப்படுகின்றான், சீரழிக்கப்படுகின்றான். பார்பா யானி என்னும் முதியவர் ஒருவரின் அன்பால் மீண்டும் மனிதனாகின்றான். ஒழுக்கக் கேடன் என்று ஊர் இகழும் ஒருவனுக்குள் எத்தனை காயங்கள் உள்ளன என்பதை ஆசிரியர் தீர்ப்புக் கூறாது காட்டுகின்றார். கதை கேட்கும் இளைஞன் அட்ரியன் சோக்ராபி, ஆசிரியரின் சாயலே ஆவான். இவன் அவருடைய பல நூல்களிலும் தொடர்ந்து வருகின்றான்.

அடுத்தடுத்து நூல்கள் வெளிவந்தன. 'அங்கெல் மாமன்' 1924இல் வந்தது. அநீதி செய்த பிரபுக்களை எதிர்த்துக் காட்டில் வாழ்ந்த ஹைதுக்குகள் என்னும் கலகக்காரரின் கதைகள் 1925இலும் 1926இலும் வந்தன. துறைமுகச் சேரியில் ஒரு முரட்டுக் கூலியாளுக்கும் சிறுவனுக்கும் ஏற்பட்ட நட்பைக் கூறும் 'கொடின்' 1926இல் வந்தது.

1928இல் வெளிவந்த 'பராகனின் முட்செடிகள்' அவருடைய நூல்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று. பராகன் என்பது தென்கிழக்கு ருமேனியாவில் பரந்து கிடக்கும் வறண்ட சமவெளி. இலையுதிர் காலத்தின் முடிவில் வடகிழக்கிலிருந்து குளிர்காற்று வீசும். காய்ந்த முட்செடிகள் வேரோடு ஒடிந்து, உருண்டை உருண்டையாகச் சமவெளியில் ஓடும். ஏழைச் சிறுவர்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடுவர். எங்கே போய்ச் சேர்வோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இருக்கும் இடத்தினும் போகும் இடம் நன்றாயிருக்கும் என்னும் நம்பிக்கை மட்டும் உண்டு. மத்தாக்கே என்னும் சிறுவன் வாயிலாகச் சொல்லப்படும் இக்கதை, 1907ஆம் ஆண்டு நிலமற்ற உழவர்கள் செய்த கிளர்ச்சியிலும், அரசு பீரங்கி கொண்டு அதனை அடக்கிய கொடுமையிலும் சென்று முடிகின்றது. அக்கிளர்ச்சியில் மாண்டவர் 11,000 பேர் எனக் குறித்து, அவர்களுக்கே நூலை அவர் காணிக்கையாக்கினார். 1957இல் லூயி தகேன் என்னும் பிரெஞ்சு இயக்குநர் இதனைத் திரைப்படமாக்கினார்.

தம் நூலைத் தாமே பெயர்த்தவர்

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இவர் பிரெஞ்சில் எழுதினார். ஆயின் எழுதியவை யாவும் பிரைலாவின் தெருக்களும் டான்யூபின் கரைகளும் அல்லவோ? அவருடைய பிரெஞ்சு உரைநடையில் ருமேனியச் சொற்களும் துருக்கிய, கிரேக்கச் சொற்களும் இடையிடையே அப்படியே நிற்கின்றன. மக்காச்சோள மாவில் கிளறும் களியை ருமேனியர் மமாலிகா என்பர். நம் ஊர்க் கேழ்வரகுக் களி எப்படியோ, அப்படி அவர்களுக்கு அது. பாரிசு வாசகர்க்காக அச்சொல்லை மாற்ற அவர் உடன்படவில்லை; அடிக்குறிப்பில் பொருள் தந்து, சொல்லை அவ்வாறே விட்டார். வேற்றுமொழி என்னும் வீட்டில் குடியேறினாலும் தம் ஊர்ப் பாத்திரங்களை உடன் கொண்டு சென்றவர் அவர்.

புகழ் வந்தபின் ருமேனியாவில் ஒரு வழக்கு எழுந்தது. இவர் நம் எழுத்தாளரா, பிரெஞ்சு எழுத்தாளரா என்பதே அது. தம்மவர் அல்லர் என்று ஒதுக்கியவரும் உண்டு. இஸ்திராத்தி இதற்கு வாதத்தால் மட்டும் விடை கூறவில்லை. மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து விடை கூறினார். தம் கதைகள் தாய்மொழியில் செல்லும்போது அவை பிறர் கையால் செல்லலாகாது என்று விரும்பி, தாமே பெயர்க்கத் தொடங்கினார். 'அங்கெல் மாமன்' 1925இல் அவர் பெயர்ப்பிலேயே ருமேனிய மொழியில் வெளிவந்தது. 'கிரா கிராலினா' 1934இல், அவர் மறைவதற்கு முந்திய ஆண்டில், அவருடைய சொந்த ருமேனிய வடிவில் வந்தது.

தம் நூலைத் தாமே பெயர்ப்பது எளிது என்று தோன்றலாம். உண்மையில் அது கடினமான பணி. பிறர் நூலைப் பெயர்ப்பவர்க்கு மூல நூல் ஒரு வேலி. அதற்குள் நடந்தால் போதும். மூல ஆசிரியரே பெயர்க்கும்போது வேலி இல்லை. பிரெஞ்சு வாசகர்க்கு விளக்கவேண்டியிருந்தவற்றை ருமேனிய வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை, அடிக்குறிப்புகள் உதிர்ந்துவிடும். ஆனால் அயலாரிடம் சொல்லத் துணிந்த குடும்பத் துயரத்தை, அதே தெருவில் வாழ்பவரிடம், அதே தெருவின் மொழியில் சொல்லவேண்டும். அதற்கு வேறொரு துணிவு தேவை. கடிதத்தில் எழுதிவிடக்கூடிய ஒன்றை வீட்டுக் கூடத்தில் நின்று சொல்வது எவ்வளவு அரிது என்பதை நாம் அறிவோம்.

அவர் பெயர்க்காமல் விட்டுச் சென்றவற்றை, அவருடைய இறுதிக்கால நண்பரான அலெக்சாந்துரு தாலெக்ஸ் என்னும் பத்திரிகையாளர், பின்னர்ப் பல ஆண்டுகள் உழைத்து ருமேனிய மொழிக்குக் கொண்டு வந்தார்.

உண்மைக்குக் கொடுத்த விலை

இலக்கிய வெற்றியோடு இவ்வரலாறு முடிந்திருப்பின் இனிய கதையாக இருந்திருக்கும். முடியவில்லை.

1927 அக்டோபரில், ரஷ்யப் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு அழைக்கப்பட்டு இஸ்திராத்தி மாஸ்கோ சென்றார். உழைப்பாளியாகவே வளர்ந்த அவர், உழைப்பவர் ஆட்சி செய்யும் நாட்டைத் தரிசிக்கும் பக்தனைப்போல் சென்றார். அங்கே கிரேக்க எழுத்தாளர் நிகோஸ் கசான்சாகிஸ் நண்பரானார். 1928இன் தொடக்கத்தில் இருவரும் ஏதென்சில் சோவியத் நாட்டைப் புகழ்ந்து பேசி, கிரேக்க அரசின் சினத்துக்கு ஆளாயினர். மீண்டும் ரஷ்யா சென்று, நாட்டின் பல பகுதிகளையும் சுற்றினர். விழா மேடைகளுக்கு அப்பால் உள்ளவற்றைக் காணும் வாய்ப்பு அப்போது கிடைத்தது. லெனின்கிராடு நகரில், எழுத்தாளர் விக்டர் செர்ஜின் மாமனாரான ருசாக்கொவ் என்னும் தொழிலாளியின் குடும்பம், அதிகாரம் உள்ளவர்களால் பொய்க் குற்றம் சாட்டப்பட்டு அலைக்கழிக்கப்பட்டதை அவர் நேரில் கண்டார். நீதி கேட்டு ஒவ்வோர் அலுவலகமாகப் படியேறினார். வாயில்கள் திறந்தன, நீதி கிட்டவில்லை.

1929இல் மேற்கு ஐரோப்பாவுக்குத் திரும்பியவர், கண்டவற்றை எழுதினார். வெளியிட வேண்டாம், பகைவர்க்கே அது பயன்படும் என்று ரோலந்து தடுத்தார். உயிர் கொடுத்த ஆசானின் சொல் ஒருபுறம். தாம் கண்ட உண்மை மறுபுறம். இஸ்திராத்தி உண்மையைத் தேர்ந்தார். 'மற்றொரு சுடரை நோக்கி' என்னும் நூல் மூன்று பகுதிகளாக 1929இல் வெளிவந்தது. மூன்றும் அவர் பெயரிலேயே வந்தன. எனினும் இரண்டாவதை எழுதியவர் விக்டர் செர்ஜ் என்பதும், மூன்றாவதை எழுதியவர் போரிஸ் சுவாரின் என்பதும் பின்னர் வெளிப்பட்டன. நண்பர்க்குத் தீங்கு நேராதவாறு முழுச் சுமையையும் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்.

விளைவு விரைவில் வந்தது. நேற்றுவரை தோழர் என்று தழுவியவர் துரோகி என்று தூற்றினர். ரோலந்தின் நட்பு முறிந்தது; கடிதங்கள் பின்னர் மீண்டும் தொடர்ந்தபோதும் பழைய நெருக்கம் திரும்பவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் அன்ரி பார்புஸ் அவரை ருமேனிய இரகசியப் போலீசின் ஆள் என்றே எழுதினார். ஆயின் 1929இல் லுபெனி என்னும் ஊரில் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ருமேனிய அரசின் படை சுட்டபோது, அங்கே சென்று விசாரித்து அரசைக் கண்டித்து எழுதியவரும் இவரே. ஆள்வோர் எக்கொடியை ஏந்தினாலும் அடிபட்டவர் பக்கம் நிற்பது அவர் இயல்பு. 1933இல் பிரெஞ்சு வார இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், தம்மை எதிலும் சேராத மனிதன் என்று அறிவித்துக்கொண்டார்.

எதிலும் சேராதவனுக்கு ஒதுங்க இடமும் இல்லை. 1930 முதல் ருமேனியாவிலேயே வாழ்ந்தார், நோய் முற்றியது. கடைசி மாதங்களில், தீவிர வலதுசாரி இயக்கமான இரும்புப் படையிலிருந்து பிரிந்து வந்த ஸ்தெலெஸ்கு என்பவரின் இதழில் எழுதினார். அதுவும் அவர்மேல் பழி சேர்த்தது. அவரைப் போற்றுவோரும் இதனை மறைப்பதற்கில்லை. தனிமையில் கிடப்பவனுக்குக் கதவு திறப்பவர் எல்லாரும் நல்லவராய் இருப்பதில்லை.

படுக்கையில் கிடந்தபோதும் பிறருக்கு உதவும் பழக்கம் போகவில்லை. பாரிசிலும் இலண்டனிலும் பட்டினி கிடந்த அனுபவத்தை ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய முதல் நூல் பிரெஞ்சில் வந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் இஸ்திராத்தி. அந்நூல் 1935இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், புக்காரெஸ்டு நகரில், ஐம்பதாம் வயதில், காச நோயால் அவர் காலமானார். அந்நகரின் பெல்லு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

காலம் செய்த நீதி

உயிரோடிருந்தபோது இரு தரப்பாராலும் ஒதுக்கப்பட்டவரைக் காலம் மெல்ல மெல்லத் திரும்ப அழைத்தது. 1968இல் பாரிசின் கலிமார் பதிப்பகம், எழுத்தாளர் ஜோசப் கெசலின் முன்னுரையுடன் அவருடைய நூல்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியது. சோவியத் நாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல், 1989இல் ருமேனியாவில் ஆட்சி மாறிய பின்னரே அவரது தாய்நாட்டு மக்களின் கைக்கு எட்டியது. இன்று பிரைலா நகரின் மாவட்ட நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நகரப் பூங்காவில் அவருக்கு நினைவு இல்லமும் உண்டு. அகராதியை ஒளித்து வைத்துப் படித்த சிறுவனுக்கு நூலகத்தினும் பொருத்தமான நினைவுச் சின்னம் யாது?

'கிரா கிராலினா', 'பராகனின் முட்செடிகள்' முதலியன ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. வாய்ப்புள்ள அன்பர்கள் தேடிப் படித்தல் நன்று. முதல் நூலில் கொடுமையான பகுதிகள் உள்ளன. ஆதலின் பெரியவர்கள் முதலில் படித்துப் பார்த்து, வளர்ந்த பிள்ளைகளுக்கு அளிப்பது தகும். 'பராகனின் முட்செடிக'ளைத் தொடங்கினால் அவ்வளவு தயக்கம் வேண்டுவதில்லை.

இவர் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. பிறமொழியில் எழுதுவதால் ஒருவர் தம் மக்களை இழந்துவிடுவதில்லை. பிறமொழியில் எழுதத் தொடங்கிய நம் பிள்ளைகளை, தமிழை மறந்துவிட்டாய் என்று கடிந்துகொள்வதில் பயன் இல்லை. அவர்கள் எழுதுவதில் பாட்டியின் பேச்சும், ஊர் ஆற்றின் பெயரும், வீட்டில் கிண்டும் களியும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். இருக்குமாயின், எழுதியதை ஒருநாள் வீட்டு மொழியில் எங்களுக்குச் சொல்லிக்காட்டு என்று அவர்களைக் கேட்போம். இஸ்திராத்தியின் தாய் மகனின் ஒரு நூலையும் காணாமலே மறைந்தாள். நம் இல்லங்களில் கேட்பதற்குத் தாய்மாரும் பாட்டிமாரும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அது நிகழட்டும்.